ஊறுகாய் ஜாடிச் சூரியன்

என்னங்க,

இப்படித்தானே ஐம்பது வருடத்துக்கு மேல் உங்களைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போதும் எழுத மாட்டேன், கை வராது. படிக்கிறவர்கள் 'வயர்மேன்' என்று வைத்துக்கொள்ளட்டும். அந்தக் காலத்து ஓசூரில் அப்படிச் சொன்னால் உங்களைத்தான் குறிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உங்கள் வருஷப் பூசை. சாமியார் அரை மணி நேரம் தாமதமாக வந்தார். சானமாவுப் பக்கம் யானைக்கூட்டம் ரோட்டைக் கடந்ததாம், வண்டிகளையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். நீங்கள் இருந்திருந்தால் சாமியாரை விட்டுவிட்டு யானைக்குத்தான் பரிந்து பேசியிருப்பீர்கள். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. கம்பெனியில் உங்கள் மகனோடு வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டு மதுரைக்காரர்கள், எதிர் வீட்டு பெங்களூர்க்காரர்கள் என்று நல்ல கூட்டம். கோழிக் குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடிப்போனது. அதைச் சாக்கு வைத்துப் பெரியவன் உங்கள் கதையை ஆரம்பித்துவிட்டான்.

எந்தக் கதை என்று கேட்பீர்களா? உங்களுக்கு ஒரே ஒரு கதைதானே. ஊறுகாய் ஜாடி, உப்புத் தண்ணீர், நாடகத்து வெளிச்சம், கடைசியில் கல்யாணம். நீங்கள் சொல்வது போலவே கண்ணை உருட்டி, "ஒரே ஒரு வார்த்தைதான் எங்க அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது" என்று முடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அழுகிறேன் என்று நினைத்து மருமகள் பின்னாலேயே ஓடி வந்தாள். நான் அழவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது, அது என்னுடைய பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே.

அப்போது ஐம்பதுகளின் நடுப்பகுதி. இன்றைக்குக் கம்பெனி சங்கு ஊதும் இடமெல்லாம் கொள்ளுக்காடாக இருந்த ஓசூர். மாநிலம் பிரிக்கிற நேரம், ஓசூர் மதராஸ் பக்கமா, மைசூர் பக்கமா என்று டீக்கடையில் பெஞ்சைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் தெலுங்கில் பேசினார்கள், மீதிப் பேர் கன்னடத்தில் பதில் சொன்னார்கள், டீயை மட்டும் தமிழில் கேட்டார்கள். ஊருக்குள் கரண்டு கம்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கம்பியோடு சாமல்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தவர் நீங்கள். குளிர் தாங்காமல் தலையில் ஒரு குரங்குக் குல்லா, அதன் உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நூல் குஞ்சம். சித்திரை மாதத்திலும் அதைக் கழற்ற மாட்டீர்கள். அதைப் பார்த்துத்தான் நான் முதன்முதலில் சிரித்தேன்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஒரு நாடகம் உண்டு. நாடகத்துக்கு வாத்தியார் டெய்லர் வெங்கடசாமி. தெலுங்குக்காரர், நம் வேதத்தைச் சேர்ந்தவரும் இல்லை. ஆனால் தேவதைக்கு இறக்கை தைப்பவரும் அவரே, ராஜாவுக்கு வசனம் எழுதுபவரும் அவரே. வெளிச்சத்துக்கு மட்டும் கிருஷ்ணகிரியிலிருந்து காஸ்லைட்டுகளை வாடகைக்கு எடுத்து வருவார்கள். அது 'உஸ்' என்று இரைகிற இரைச்சலில் பின்வரிசைக்கு ஒரு வசனமும் கேட்காது. ராஜா சாகும்போது ஈசல் வாயில் போய்விடும், இருமிக்கொண்டே சாவார். வாடகையும் ஏறிக்கொண்டே போனது. அந்த வருஷம் கோயில் கமிட்டியில், விளக்குக்குக் கொடுக்க இல்லை, பகலில் நாடகம் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாத்தியார் முகம் செத்துவிட்டது.

நீங்கள்தான் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, "இருக்கிறத வெச்சி பண்ணிடலாங்க" என்றீர்கள்.

இருக்கிறது என்றால் என்ன? மண்ணெண்ணெய் டின். அதை ஒரு பக்கம் வெட்டி, உள்ளே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதத்தை ஒட்டி, நடுவில் ஒரு பல்பு. மேடை விளிம்புக்குக் கொட்டாங்குச்சிகளைப் பாதியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்ன பல்பு. பார்க்கிறவர்கள் கண்ணில் வெளிச்சம் குத்தாது, நடிகர் முகத்தில் மட்டும் விழும். சிவப்புக்கும் நீலத்துக்கும் பெங்களூரிலிருந்து வரவழைத்த கண்ணாடிக் காகிதம். முதல் நாள் அது பல்புச் சூட்டில் சுருண்டு கருகியது. மறுநாள் கம்பி வளையம் செய்து ஒரு சாண் தள்ளி மாட்டினீர்கள். ஊர்ப் பெண்களெல்லாம் சமையலறையைத் துழாவி டின்னும் கொட்டாங்குச்சியும் கொண்டு வந்து கொட்டினோம். இத்தனை குப்பையிலிருந்து அவ்வளவு அழகு வரும் என்று யார் நினைத்தார்கள்?

ஆனால் வாத்தியாருக்கு அது போதவில்லை. அவர் எழுதிய நாடகத்தில் கடைசியில் கிழ ராஜா சாகும்போது, பின்னால் சூரியனும் மெல்ல மெல்ல அஸ்தமிக்க வேண்டுமாம். சுவிட்சைப் போட்டு 'டக்'கென்று அணைத்தால் அது சாவு இல்லை, கரண்டு போனது என்றார். நீங்கள் இரண்டு நாள் யோசித்தீர்கள். மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, என் அம்மாவிடம் ஊறுகாய் ஜாடியைக் கேட்டீர்கள்.

பெரிய பீங்கான் ஜாடி, அம்மா ஆனேகல்லிலிருந்து சீராகக் கொண்டு வந்தது. அதில் உப்புத் தண்ணீரை ஊற்றி, அடியில் ஒரு ஈயத் தகடு, மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. கரண்டு அந்தத் தண்ணீர் வழியாகத்தான் விளக்குக்குப் போக வேண்டும். கயிற்றை இழுத்தால் மேல் தகடு உயரும், விளக்கு மங்கும். கயிற்றை விட்டால் தகடு தன் பாரத்திலேயே இறங்கும், விளக்கு பளீரென்று எரியும். "உப்பு கூடிப்போனா தகட்டத் தூக்கினாலும் மங்காது. கொறஞ்சா கண்ணே தொறக்காது. குழம்பு மாதிரிதாங்க" என்று அம்மாவிடம் நீங்கள் விளக்கியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அம்மா ஜாடியைத் தர ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "ஜாடி எங்க இருக்குதோ அங்க என் பொண்ணு இருக்கணும். ஒடஞ்சா அவதான் பதில் சொல்லணும்."

பாவம் அம்மா! ஜாடியைக் காப்பாற்ற என்னை அனுப்பினார்.

அப்படித்தான் நான் திரைக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். காய்ந்த பலகைமேல் நிற்க வேண்டும், ஈரக்கையோடு வரக்கூடாது, கயிற்றைத் தவிர எதையும் தொடக்கூடாது. நீங்கள் போட்ட சட்டங்கள். நான் கரண்டி கரண்டியாக உப்புப் போட, நீங்கள் விளக்கைப் பார்த்து, "இன்னும் ஒண்ணு... இன்னும் அரை..." என்று சொல்ல, அந்த வெள்ளைத் திரை முதல் தடவையாகச் சிவந்து, மங்கி, இருண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஒயரைப் பார்த்தீர்கள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்க வேண்டுமே!

கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் தொங்குகிற மனுஷனுக்கு, என் அப்பாவைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பா மாட்டுப் பண்ணையில் மேஸ்திரி. முரட்டுக் காளைகளே அவர் குரலுக்கு நிற்கும், நீங்கள் எம்மாத்திரம்? அந்தச் சமயத்தில்தான் கோலார் தங்கவயலில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். சுரங்கத்தில் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் வீடு, தூரத்து உறவு. திருவிழாவுக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. அந்த மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நீங்கள் இல்லை, அவ்வளவுதான். உங்களிடம் நான் சொன்னேன். "என்னங்க பண்றது?" என்று கேட்டேன். நீங்கள் ஒயரைச் சீவிக்கொண்டே, "பாக்கலாம்" என்றீர்கள். எதைப் பார்ப்பது?

நாடகத்தன்று கோயில் திடலில் சூரியன் இறங்கி இருட்டியதும் ஆரம்பம். எட்டு முழ வேட்டிகளைச் சேர்த்து வாத்தியார் தைத்த வெள்ளைத் திரை. அதற்குப் பின்னால் பெரிய பல்பு, ஜாடி, நான். முன் வரிசையில் அப்பா. அவர் பக்கத்தில் தங்கவயல்காரர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் கொட்டாங்குச்சி விளக்குகளைப் பார்த்து ஜனங்கள் 'ஆ'வென்று வாய் பிளந்தார்கள். பின்வரிசைக்கும் வசனம் கேட்டது. தபால்காரர் அந்தோணிதான் ராஜா. கடைசிக் காட்சியில் அவர் படுத்து, "என் மக்களே..." என்று இழுக்கத் தொடங்கியதும், முன்விளக்குகளை நீங்கள் அணைத்தீர்கள். நான் கயிற்றை இழுக்க ஆரம்பித்தேன். திரை செம்மண் நிறமாகி, மெல்ல மங்கியது. திடலில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

அப்போது நீங்கள் என் பக்கம் வந்தீர்கள். குனிந்து மெதுவாகச் சொன்னீர்கள்.

"தங்கவயல் ஆளுங்க நல்லவங்களாத்தான் தெரியறாங்க, லூர்து."

"அதுக்கு?"

"நான் சாமல்பட்டிக்கே மாத்தல் கேட்டுக்கினு போயிடறேன். நீ எங்கருந்தாலும் நல்லா இருக்கணும்."

இதைச் சொல்லிவிட்டு, விடைபெறுவதற்காக என் இடது கையைப் பிடித்தீர்கள். அதுதான் முதல் தடவை. வலது கையில் கயிறு. விளக்கு அணைகிற நேரம்.

பக்கவாட்டிலிருந்து வாத்தியார் குரல் கேட்டது. "சாலு!"

தெலுங்கில் 'சாலு' என்றால் 'போதும்' என்று அர்த்தம். அதாவது, இருட்டியது போதும், கயிற்றை ஆணியில் கட்டிவிடு. ஆனால் எங்கள் அம்மா வழிக் கன்னடத்தில் 'சாலு மாடு' என்றால் ஓட்டு, கிளப்பு. மாவு மில்லில் பெல்ட்டை ஓட்டச் சொல்வதும் அதே சொல்தான். நான் கயிற்றை விட்டேன். தகடு 'தொபுக்'கென்று அடியில் போய் உட்கார்ந்தது. செத்துக்கொண்டிருந்த சூரியன் நடு மத்தியானமாக எரிந்தது. நாம் இருவரும் விளக்குக்கும் திரைக்கும் நடுவில் நின்றிருந்தோம்.

வேட்டித் திரை முழுக்க நம் நிழல். பனைமர உயரத்துக்கு ஒரு பெண், இரட்டைப் பின்னலோடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண், தலை உச்சியில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு குஞ்சம். யாரென்று ஊரில் ஒருவரும் கேட்கத் தேவையில்லை. செத்த ராஜா கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். "ஐயோ, வயர்மேன்டோய்!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் திடலே சிரிப்பாய்ச் சிரித்தது.

அப்பா திரைக்குப் பின்னால் வந்தார். அவருக்கு முன்னால் வாத்தியார் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"மேஸ்திரி, தப்பு என்னுது! நான் தெலுங்குல சாலுன்னேன், இந்தச் சின்ன அம்மாயி கன்னடத்துல எடுத்துக்கிச்சி. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. உங்களைப் பார்த்தார். "விளக்கு சரிடா. கைய எதுக்குப் புடிச்ச?"

நீங்கள் மறு கையால் குல்லாவைச் சரிசெய்துகொண்டீர்கள்.

"கேக்கறனில்ல? ஊரே பாத்தாச்சி. இன்னும் புடிச்சிக்கினே நிக்கிறியே. விடுடா."

நீங்கள் குனிந்து நம் கைகளைப் பார்த்தீர்கள். அதுவரை உங்களுக்கே தெரியாது போலிருந்தது. பிறகு நிமிர்ந்து, அழுகிற குரலில் சொன்னீர்கள்: "விட முடியலீங்க மேஸ்திரி."

எனக்கு அது போதும். இத்தனை வருடத்தில் நீங்கள் எத்தனையோ பேசியிருக்கிறீர்கள், எத்தனையோ பேசாமல் என்னை வதைத்திருக்கிறீர்கள். அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அப்பா உங்கள் குல்லாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வீட்டுக்கு வா. அந்தக் குல்லா இல்லாம வா" என்று சொல்லிவிட்டு, தங்கவயல்காரர்களிடம் கைகூப்பப் போனார். அடுத்த மாதம் மூன்று ஞாயிறு கோயிலில் நமக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். மாலூர்ப் பக்கம் அந்த மாப்பிள்ளைக்கும் நல்ல இடத்தில் பெண் அமைந்தது என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

இதுவரை உங்கள் கதை. இனி என்னுடையது.

எனக்கு அந்தச் சொல் தெரியுமங்க. நான் பிறந்து வளர்ந்ததே டெய்லர் வீட்டுக்குப் பின் தெருவில். அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, "சாலு அக்கா, சாலு" என்று இலைக்குமேல் கையை விரித்து வளர்ந்தவள். போதாததற்கு மூன்று வாரம் ஒத்திகை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தினமும் ராஜா செத்தார், தினமும் நான் கயிற்றை இழுத்தேன், தினமும் வாத்தியார் 'சாலு' என்றார், தினமும் நான் ஒழுங்காக ஆணியில் கட்டினேன். ஒரு நாளும் பிசகவில்லை. விளக்குக்குப் பின்னால் நிற்க வேண்டிய நான்தான், அன்றைக்கு நீங்கள் விடைபெற வந்ததும் இரண்டடி முன்னால் வந்தேன். நீங்கள் என்னை நல்லவர்களிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறப் பார்த்தீர்கள். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்காத மனுஷனை ஊர் பார்க்கட்டும் என்று கயிற்றை விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

வாத்தியார் ஓடி வந்து பழியை மொழி மேல் போட்டார். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன். நல்ல வீட்டுப் பெண் தானே ஊரைக் கூட்டிக் காட்டினாள் என்று தெரிந்தால் அப்பா என்ன செய்திருப்பாரோ. அவர் போன பிறகாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் அந்தக் கதையை அவ்வளவு ஆசையாகச் சொல்வீர்கள். ஒரு வார்த்தை செய்த வேலை, ஆண்டவர் செய்த வேலை என்று கையை மேலே காட்டுவீர்கள். ஆண்டவரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நான் போய் உட்காருவதா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைக்கிறது. நீங்கள் கதையில் எதையும் விட மாட்டீர்கள். கருகிய காகிதம், எத்தனை கரண்டி உப்பு, குஞ்சத்தின் நிழல், ராஜா திரும்பிப் பார்த்தது, ஒன்று விடாமல் வரும். ஒத்திகையைப் பற்றி மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சின்ன வயதில் பெரியவன் ஒருநாள் கேட்டான்: "ஏம்பா, முன்னாடியே ஒத்திகை பாக்கலயா?" நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு அவனிடம், "அப்பல்லாம் ஏதுடா ஒத்திகை! நேரா மேடைதான்" என்றீர்கள்.

மூன்று வாரமும் அந்த ஜாடிக்குத் தண்ணீர் மாற்றியவர் நீங்கள்தானே?

அப்படியென்றால் உங்களுக்குத் தெரியுமா? முதல் நாளிலிருந்தே தெரியுமா? தெரிந்துகொண்டே, எனக்கு ஒரு சொல் வரக்கூடாது என்று இத்தனை வருடம் ஆண்டவர் மேல் போட்டுக்கொண்டிருந்தீர்களா? வாயைத் திறக்காத மனுஷன் என்று உங்களை எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

இனிமேல் அந்தக் கதையை நம் வீட்டில் நான்தான் சொல்வேன். ஒத்திகையிலிருந்து ஆரம்பிப்பேன். பிள்ளைகள் கேலி செய்யட்டும், மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கட்டும். கயிற்றை விட்டவள் நான், கையை விடாதவர் நீங்கள் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் கைக்குள்ளேயே இருக்கும்
உங்கள் வீட்டுக்காரி,
லூர்து